பாதுகாப்பு அதிகாரி வைத்த பொட்டு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெரியவனா, அந்தச் சக்கரம் பத்திரமாகத்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் பெரியவரா என்று யாராவது கேட்டால், பின்னவர்தான் என்று எந்த மேடையிலும் அடித்துச் சொல்லலாம். அந்தப் பின்னவர், ஒரு பரந்த வளாகத்தில் இருந்த பெரிய அலுவலகத்தின் பாதுகாப்பு அதிகாரி. அங்கே ஊழியர்கள் எல்லாரும் அலுவலக சைக்கிளில்தான் போய்வருவார்கள். அவர் மட்டும் நடப்பார். தள்ளி நின்று பார்த்தால்தான் சைக்கிளை நடுநிலையோடு பார்க்க முடியும் என்பது அவர் கொள்கை.

அவருடைய நிம்மதியைக் கெடுத்தவர், அதே அலுவலகத்தில் சம்பளப் பிரிவில் வேலை பார்த்த அவருடைய மனைவி.

"என்னங்க, என் சைக்கிள் முன்சக்கரத்து ரிம்மைக் கொஞ்சம் தடவிப் பாருங்க. பிரேக் கட்டை தேய்ச்சுத் தேய்ச்சு கரண்டி மாதிரி குழிஞ்சு கிடக்கு. கேட்டுக்குப் போற சரிவுல தினம் உயிரைக் கையில பிடிச்சிட்டு இறங்கறேன். வேற சக்கரம் போடச் சொல்லுங்க."

இது அலுவலக விஷயம், வீட்டில் பேசக்கூடாது என்றார் அதிகாரி. மறுநாள் மனைவி அவர் அறைக்கே போய்ச் சொன்னார். குடும்ப விஷயத்தை அலுவலகத்தில் பேசுவது அழகல்ல என்றார் அதிகாரி. மனைவி கூடத்தின் நடுவில் நின்று, ஊருக்கே கேட்கும்படி சொன்னார். உடனே ஒரு 'உயர்மட்டக் குழு' உதயமானது.

குழு சைக்கிள் கையேட்டை எழுந்து நின்று வாசித்தது. பிரேக் கட்டை உரசும் இடத்தில் கடுகளவு குழிப் புள்ளி ஒன்று இருக்கும். ரிம் தேயத் தேய அது மறையும். மறைந்துவிட்டால் சக்கரத்தை மாற்ற வேண்டும் என்று போட்டிருந்தது. குழு சைக்கிள் கொட்டகைக்குப் போய்க் குனிந்து தேடியது. இடுப்பு பிடித்துக்கொண்டதே தவிர, ஒரு ரிம்மிலும் புள்ளி அகப்படவில்லை.

அத்தனை சக்கரத்தையும் மாற்றக் கேட்டால், இவ்வளவு நாளாக என்ன பார்த்தீர்கள் என்று மேலிடம் திருப்பிக் கேட்கும். குழுவுக்கு வியர்த்தது. அதிகாரி அசரவில்லை.

"புள்ளி இருந்தா பத்திரம்னுதானே அர்த்தம்? அப்போ குறை சக்கரத்துல இல்லை. புள்ளியிலதான்."

அன்று மாலை அவர் மனைவியின் நெயில் பாலிஷ் புட்டி காணாமல் போனது. மறுநாள் காலை ஒவ்வொரு ரிம்மிலும் செக்கச்செவேலென்று ஒரு பொட்டு. பழைய புள்ளியைவிட இது எடுப்பாக இருப்பதாகக் குழு மனமுருகிப் பதிவு செய்தது. ஊழியர்கள் அவருடைய பிரிவுக்குப் 'புள்ளியியல் துறை' என்று அன்போடு பெயர் சூட்டினார்கள்.

ஒரே ஒரு சிக்கல். பிரேக் பிடித்தால் பொட்டு அழிந்தது. ஆக, பாதுகாப்பின் பரம விரோதி பிரேக்தான் என்பது நிரூபணமாயிற்று. 'புள்ளிகளின் நலன் கருதி' இனி யாரும் பிரேக் பிடிக்க வேண்டாம் என்று உத்தரவு பறந்தது. அப்படியானால் வண்டியை எப்படி நிறுத்துவது என்று வாயிற்காவலர் சந்தேகம் கேட்டார்.

"மெதுவாப் புறப்பட்டா நிக்கவேண்டிய அவசியமே வராதுய்யா" என்று அதிகாரி தெளிவுபடுத்தினார்.

ஊழியர்கள் காலைத் தரையில் தேய்த்து நிறுத்தப் பழகினார்கள். செருப்புகள் தேய்ந்தன, செருப்பு அவர் அதிகார வரம்புக்குள் வராது. மனைவியும் புதுச் செருப்பு மாற்றினார். சக்கரம் மட்டும் மாறவில்லை.

மேலிடம் பூரித்தது. ரிம் தேய்மானத்தை அடியோடு ஒழித்த அதிகாரிக்குக் கேடயம் வழங்கினார்கள். சரிவின் உச்சியில் விழா. அதிகாரி சைக்கிளில் ஜம்மென்று இறங்கி வந்தால் படம் அமோகமாக இருக்கும் என்றார் புகைப்படக்காரர். மனைவி தம் சைக்கிளையே உருட்டிக்கொண்டு வந்து நீட்டினார்.

அதிகாரி குனிந்து பார்த்தார். பொட்டு பளிச்சென்று இருந்தது. முதல்முறையாக ரிம்மைத் தடவினார். கட்டைவிரல் குழிக்குள் வாகாகப் போய் உட்கார்ந்தது. நிமிர்ந்து சரிவைப் பார்த்தார்.

"கால் லேசா சுளுக்கியிருக்கு" என்றார்.

"பொட்டுதான் இருக்கே. எங்களை எல்லாம் தினம் ஏத்திவிட்டீங்க. இன்னைக்கு ஒருநாள் நீங்க ஏறுங்க" என்றார் மனைவி.

அதிகாரி ஏறவில்லை. கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தபடி, சைக்கிளை அடிமேல் அடிவைத்துத் தள்ளிக்கொண்டே இறங்கினார். கேட்டை அடைவதற்குள் பொட்டு அழிந்துவிட்டது.

அந்தப் பொட்டின் முழு மகிமையும் அதை வைத்தவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருந்தது என்பதை, அன்று எல்லாரும் வரிசையாக நின்று கண்குளிரப் பார்த்தார்கள்.