தானாக நிற்கும் மோட்டார்

புகுந்த வீட்டில் முதல் வருடம் வாயைத் திறக்காமல் இருக்கிறவள்தான் பிழைக்கத் தெரிந்தவள். நான் வந்த மூன்றாம் மாதமே திறந்துவிட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் என் மாமியார் வீட்டில் மோட்டாரைப் போட்டுவிட்டு எல்லோரும் மறந்துவிடுவார்கள். மாடித் தொட்டி நிரம்பி வழியும். பக்கத்து வீட்டிலிருந்து சத்தம் வரும். "இதெல்லாம் ஒரு விஷயமா அத்தை? தொட்டி நிறைஞ்சா தானா நிக்கிற மாதிரி நான் செஞ்சு தரேன்" என்றேன். (சும்மா கிடந்த வாய்!) நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். பொழுதுபோக்காக உள்ளங்கை அளவு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று வாங்கி, புரோகிராம் எழுதி, விளக்கை மின்ன வைத்திருந்தேன். மின்னியது ஒரே ஒரு குட்டி விளக்கு என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

நாத்தனார் சுமதிக்கு வளைகாப்பு வந்தது. அத்தை தில்லை நகருக்குப் போன் போட்டு, சுமதியின் மாமியாரிடம், "எங்க மருமக மோட்டாருக்கு மிஷின் செய்றா. வரும்போது பாருங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டார். சம்பந்தி அம்மா எதையும் லேசில் மெச்சுகிறவர் இல்லை. அவர் முன்னால் அத்தையின் மானமும் என் மானமும் சேர்ந்து அந்தச் சின்ன போர்டில் தொங்கின.

வளைகாப்புக்கு முதல் நாள் காலையில் அத்தை, "ராகு காலம் வர்றதுக்குள்ள மாட்டிடும்மா" என்றார்.

"புரோகிராம் இன்னும் முடியல அத்தை."

"அதைப் பொறுமையா எழுதிக்கோ. பொட்டியை மட்டும் நல்ல நேரத்துல மாட்டிடுவோம்."

அது எனக்கும் நியாயமாகவே பட்டது பாருங்கள், அங்கேதான் என் படிப்பு நிற்கிறது. எலெக்ட்ரீஷியன் வந்து பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு என் பெட்டியை மாட்டினார். சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் ஆயிற்று. நசுக்கச் சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழம் மட்டும் தப்பியது.

பிறகு உட்கார்ந்து கம்பைல் செய்தேன். அதாவது, நாம் எழுதிய புரோகிராமைக் கம்ப்யூட்டர் படித்துப் பார்த்து, சரியாக இருந்தால் போர்டுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும். சரியில்லை என்றால் சிவப்பு எழுத்தில் திட்டும். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்ததற்கு என் பரம்பரையையே இழுத்துத் திட்டியது. அதை மூடினால் வேறு இடத்தில் ஆரம்பித்தது. அதையும் சரிசெய்தால், ஏதோ ஒரு பெயரைக் காட்டி "இது யாரென்றே எனக்குத் தெரியாது" என்றது. பாதி புரோகிராம் இன்டர்நெட்டில் எடுத்தது. அது யாரென்று எனக்கும் தெரியாது.

"ஆச்சாம்மா?"

"இதோ, அஞ்சு நிமிஷம் அத்தை."

அந்த அஞ்சு நிமிஷம் மறுநாள் காலைவரை நீண்டது. தொட்டி காய்ந்துபோனது. இரண்டு பக்கமும் ஆறு இருக்கிற ஊரில், சொந்தக்காரர்கள் பல் தேய்க்கப் பக்கத்து வீட்டு வாளிக்காக வரிசையில் நின்றார்கள். ஆண்களுக்குத் துண்டு கொடுத்து காவிரியில் குளிக்க அம்மா மண்டபப் படித்துறைக்கு அனுப்பினார் மாமா. பழைய சுவிட்சையே மாட்டிவிடலாம் என்றால், எலெக்ட்ரீஷியன் வேண்டுதலுக்காகச் சமயபுரம் கோயிலுக்கு நடந்து போயிருந்தார்.

சம்பந்தி வீட்டு வேன் வாசலில் வந்து நின்றது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அந்த அபாரமான யோசனை உதித்தது. ஒரு வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காது. படிக்காவிட்டால் தப்பும் சொல்லாது. அது திட்டிய வரிக்கெல்லாம் கோடு போட்டேன். அந்த வரிகளில் என்ன இருந்தது என்று யார் பார்த்தது? கம்பைல் ஆகிவிட்டது! போர்டில் ஏற்றினேன், மோட்டார் ஓடியது, குழாயில் தண்ணீர் கொட்டியது.

வீடே கைதட்டியது. அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். வாசலில் சாமியானாவுக்குக் கீழே சுமதிக்கு வளையல் போடத் தொடங்கினார்கள். "தொட்டி நிறைஞ்சதும் தானா நிக்கும் பாருங்க" என்று சம்பந்தி அம்மாவிடம் அத்தை நிமிர்ந்து சொன்னார்.

தொட்டி நிறைந்தது. மோட்டார் நிற்கவில்லை. நான் கோடு போட்ட வரிகளில் 'நிறுத்து' என்கிற வரியும் ஒன்று.

ஓடிப்போய் லேப்டாப்பை மூடினேன். (அடிப் பைத்தியமே, புரோகிராம் எப்போதோ பெட்டிக்குள் போய் உட்கார்ந்தாயிற்று!) மாடியிலிருந்து வழிந்த தண்ணீர் சாமியானாவில் தேங்கி, துணி சுமதியின் வயிற்றுக்குப் போட்டியாக உப்பியது. "என்னங்க, மழையா?" என்று எழுந்து அண்ணாந்து பார்த்தார் சம்பந்தி அம்மா. கயிறு அறுந்தது.

பட்டுப்புடவை, சந்தனக் கிண்ணம், கலவை சாதம், எல்லாம் முழுக்கு. என் கணவர் ஃப்யூஸைப் பிடுங்கிய பிறகுதான் மோட்டார் நின்றது. சாமியானாவின் மறுகோடியில் நனையாமல் உட்கார்ந்திருந்த சுமதி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சாயங்காலம் விசாரணை. "எப்படிம்மா ஆச்சு?" என்றார் அத்தை.

"தப்பு சொன்ன வரிக்கெல்லாம் ரெண்டு கோடு போட்டுட்டேன் அத்தை."

அத்தை சொன்னார்: "அப்ப தப்பை நீ சரி பண்ணல. சொன்னதோட வாயை அடைச்சிருக்க."



சம்பந்தி அம்மா இன்றும் எங்கள் வீட்டில் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். 'ரெண்டு கோடு' எங்கள் குடும்பச் சொல்லாகிவிட்டது. மாமா ஒளிந்து மைசூர்பாகு தின்றுவிட்டு இல்லை என்றால், "அவர் ரெண்டு கோடு போட்டுட்டார்" என்பார் அத்தை.

போன வாரம் என் கணவரோடு சண்டை. சமையலறையில் திரும்பி நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நான் மூக்கை உறிஞ்சிய சத்தம் அத்தைக்குக் கேட்டிருக்கும்போல.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல அத்தை. வெங்காயம்."

அத்தை வந்து பலகையைப் பார்த்தார். அதில் வெண்டைக்காய் இருந்தது.

"ரெண்டு கோடு போடாத. சொல்லு" என்றார்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்குத் திட்டு வாங்கியது அவர் பிள்ளை.