மூன்றாவது மாடி பாசிட்டிவ்

அட்டையில் இரண்டாவது கோடும் விழுந்தபோது, இதை யாரிடம் சொல்வது என்றுதான் சுந்தரேசன் முதலில் யோசித்தார். வயது நாற்பத்து நான்கு, கல்யாணம் ஆகவில்லை. ராணிப்பேட்டையிலிருந்து மாற்றலாகி பெங்களூரு மல்லேஸ்வரத்தில் இந்த மூன்றாவது மாடிக்கு வந்து ஒரு வருஷம். அவர் போனில் கடைசியாகப் பேசிய ஐந்து அழைப்புகளில் நான்கு தண்ணீர் கேன் கடைக்கு.

கீழ்வீட்டில் ஒருவருக்குக் கொரோனா என்றதும், வீட்டுக்கார அம்மா பார்கவி சுகாதார மையத்திலிருந்து நர்ஸ் மோனிகாவை வரவழைத்து எல்லோர் மூக்கிலும் குச்சி விடச் செய்திருந்தார். மாட்டியது சுந்தரேசனும் எதிர்வீட்டு ஹெர்பர்ட்டும்.

"இது ராபிட் டெஸ்ட் சார். கால் மணி நேரத்துல சொல்லிடும், ஆனா சில சமயம் தப்பாவும் சொல்லும்," என்றாள் மோனிகா. "லேபுக்கும் எடுத்திருக்கேன். ரெண்டு நாள் ஆகும், அதைத்தான் நம்பணும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் கீழ இறங்காதீங்க."

ஹெர்பர்ட், கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடும்வரை வேலை பார்த்தவர். மனைவி போய் ஆறு வருஷம். இந்த ஒரு வருஷத்தில் இருவரும் தலையசைத்துக்கொண்டதோடு சரி. அன்று மத்தியானம் அவர் வந்து கதவைத் தட்டினார்.

"ரெண்டு பேருக்கும் வந்தாச்சு. இனி யாரு யாருக்கு ஒட்டவைக்கப் போறோம்? வா தம்பி, சாப்பிடலாம்."

சாப்பாட்டுக்குப் பின் கேரம் ஆடினார்கள். சுந்தரேசன் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தார். தன் குரல் அத்தனை பெரிது என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. இரண்டாம் நாள், "சார்" போய் "அண்ணே" வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை சுந்தரேசன் போனுக்கு லேபிலிருந்து செய்தி வந்தது. நெகட்டிவ்.

இனி எதிர்வீட்டுப் பக்கம் போனால் நிஜமாகவே ஒட்டிக்கொள்ளும். விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினார். அங்கே இரண்டு தட்டு போட்டு, கறிக்குழம்பு ஆறாமல் மூடி வைத்திருந்தது. சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று உட்கார்ந்தார். சொல்லவில்லை.

மறுநாள் பாதுகாப்புக்காக இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஏன் என்று ஹெர்பர்ட் கேட்க, மூச்சு விடக் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது என்று உளறிவைத்தார். ஹெர்பர்ட் பயந்துபோனார். மாஸ்க்குகளைக் கழற்றச் சொல்லி, குண்டானில் தண்ணீர் கொதிக்கவைத்து, நொச்சி இலை போட்டு, வீட்டிலிருந்த ஒரே போர்வைக்குள் சுந்தரேசன் தலையோடு தன் தலையையும் நுழைத்துக்கொண்டார்.

நெகட்டிவ் செய்தியைப் போனில் வைத்துக்கொண்டு சுந்தரேசன் ஹெர்பர்ட்டோடு மூக்குக்கு மூக்கு உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆவி பிடித்தார். பயத்தில் வியர்த்ததா, ஆவியில் வியர்த்ததா என்று தெரியவில்லை. அதற்கடுத்த நாள் அவரே தன் போர்வையை எடுத்துக்கொண்டு போய் நின்றார்.

பார்கவி தினமும் படிக்கட்டில் சாமான் பையை வைத்துவிட்டு, ரிப்போர்ட் வந்ததா என்று குரல் கொடுப்பார். இன்னும் வரவில்லை என்பார் சுந்தரேசன். தனக்கும் வரவில்லை என்பார் ஹெர்பர்ட். வெள்ளிக்கிழமை பார்கவிக்குப் பொறுமை போய்விட்டது. மோனிகாவுக்கே போன் போட்டு வரச் சொல்லிவிட்டார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் சுந்தரேசன் ஆட்டத்தை நிறுத்தினார். அவள் வாயால் தெரிவதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்."

ஹெர்பர்ட் நிமிரவில்லை. கேரம் பலகையில் ஏற்கனவே நேராக இருந்த காய்களை நேராக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் மோனிகா பட்டியலோடு வாசலில் வந்து நின்றாள். விரலை ஓட்டி ஒரு முறை பார்த்தாள், இன்னொரு முறை பார்த்தாள்.

"உங்க மாடியில பாசிட்டிவ் யாருமே இல்லையே சார், ரெண்டு பேருக்கும் நெகட்டிவ்னு செவ்வாய்க்கிழமையே மெசேஜ் போயிருக்கே."