சாம்பாரைத் தாங்குபவர்கள் வரலாம்

கரியப்பன் குரூப்பில் போட்ட பதிவைப் பொறுமையாகப் படித்தால் நான்கு நிமிடம் பிடிக்கும். அக்கா மகள் தமிழ்ப்ரியாவின் இதயம் மூன்றாவது நொடியிலேயே வந்து விழுந்தது.

"பாத்தியா ஜோதி? படிக்காமயே ஹார்ட் போடறா!"

"ஏனுங்க, படிச்சா மட்டும் என்ன ஆகப்போவுது?" என்றாள் ஜோதிமணி, முருங்கைக்காயை நறுக்கியபடி. "வேற சோலி இருந்தாப் பாருங்க."

மைசூர் விஜயநகர் வீட்டிலிருந்து சொந்தக்காரர்கள் குரூப்புக்கு வெள்ளிதோறும் 'வாரச் சந்தை' அனுப்புவது கரியப்பனின் வழக்கம். இணையத்தில் துழாவிப் பிடித்த மூன்று சரக்கு: வீட்டுக்கு ஒன்று, சொல்லுக்கு ஒன்று, சிரிப்புக்கு ஒன்று. அன்றைக்கு ஃப்ரிட்ஜ் நாற்றம் போக ஒரு கிண்ணம் காப்பித்தூள், பிளாஸ்டிக்குக்கு 'ஞெகிழி', கண்ணாடியைப் பார்த்து மிரண்டு ஓடும் பூனை.

மூன்று வருஷமாக ஒருத்தராவது "அந்தச் சொல் நல்லா இருந்துச்சு" என்று சொன்னதில்லை. இதயம், கும்பிடு, கட்டைவிரல், தீர்ந்தது. ஜோதிமணியும் அதே குரூப்பில்தான் இருந்தாள். அவள் திறந்துகூடப் பார்க்க மாட்டாள் என்பது கரியப்பனின் கணக்கு. பாவம், மனிதருக்கு உள்ளுக்குள் வலித்தது. ஒரே ஒருத்தர் முழுசாகப் படிக்கிறார் என்று தெரிந்தால் போதும் அவருக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு சோதனை வைத்தார். பதிவின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'இதுவரை படித்தவர்கள், ஜோதிமணியின் சாம்பாரைத் தாங்கும் தெம்பு இருந்தால், ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரலாம்.'

பதினாறு இதயம் வந்தது. ஒரு கேள்விகூட வரவில்லை. இனி எவனுக்கும் எதுவும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டு, சனிக்கிழமை முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அக்கா மாதம்மாவின் போன்.

"தம்பி, கௌதள்ளில பஸ் ஏறிட்டோம். பதினோரு பேரு. சாப்பாடு பன்னெண்டுக்கா, ஒண்ணுக்கா?"

கரியப்பனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. படித்திருக்கிறார்கள்! அப்புறம்தான் அந்தச் சாம்பார் வரி ஜோதி காதுக்குப் போனால் என்ன ஆகும் என்பது உறைத்தது.

பதிவை அழிக்கப் போனவர் பதற்றத்தில் 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதை அமுக்கித் தொலைத்தார். அவர் போனில் பதிவு போயே போய்விட்டது. மற்ற எல்லார் போனிலும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

'விருந்து சும்மா விளையாட்டுக்குச் சொன்னது. யாரும் சிரமப்பட்டு வரவேண்டாம்' என்று ஒரு திருத்தம் போட்டார். அதற்கும் பதினாறு இதயம் விழுந்தது. கையோடு தம்பி முறை மதன் போனில் வந்தான்.

"அண்ணா, ஊட்டா ரெடியா? சாப்பிட நாங்க அஞ்சு பேர் கெளம்பிட்டோம்!"

வராதே என்று சொன்னால் கிளம்புகிறார்களே, இதென்ன கூத்து! ஜோதிக்கு அடுப்பு வேலை வைக்காமலிருந்தால் அவள் சாம்பாரைப் பற்றிய பேச்சே எழாது என்று, தெருமுனை மெஸ்ஸுக்கு ஓடி இருபது சாப்பாடு வாங்கினார். தூக்கு நிறைய சாம்பாரோடு திரும்பினால், ஜோதிமணியின் அடுப்பில் பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது.

"உங்க சொந்தக்காரங்க வர்றாங்களாமே," என்றாள். கண் தூக்கின் மேல் நின்றது. "சாம்பார் வெளியிலயா வாங்கினீங்க?"

"உனக்கு எதுக்குச் சிரமம்னுதான்..."

"ஓஹோ."

அக்காதான் போன் பண்ணிச் சொல்லியிருப்பாள், விருந்து தெரிந்துவிட்டது, நல்லவேளை அந்த வரி தெரியவில்லை என்று கரியப்பன் மூச்சு விட்டார்.

பந்தியில் ஜோதிமணியே வந்து புருஷனுக்குப் பரிமாறினாள். அண்டா சாம்பாரில் மூன்று கரண்டி.

"போதும் ஜோதி."

"நல்லாச் சாப்பிடுங்க. தெம்பு வேணுமில்ல?"

பதினாறு பேரும் குபீரென்று சிரித்தார்கள். கரியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கை கழுவுமிடத்தில் தமிழ்ப்ரியாவை மடக்கினார்.

"அம்மணி, உனக்குப் புண்ணியமாப் போகும். அந்தச் சாம்பார் வரி மட்டும் உங்க அத்தை கண்ணுல பட்டுடாமப் பாத்துக்க. அவ என் பதிவைப் படிக்கவே மாட்டா."

தமிழ்ப்ரியா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அய்யோ மாமா, நாங்கெல்லாம் கன்னட ஸ்கூலு, தமிழ் யாருக்குப் படிக்க வருது? வாராவாரம் அத்தைதானே எங்களுக்குத் தனியா வாய்ஸ்ல படிச்சு அனுப்பறாங்க!"