தூக்கத்துக்கு ஒரு சாட்சி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டவேண்டுமென்றால் நீட்டிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பல் வைத்துக்கொள்வதற்காகத் தன் தூக்கத்துக்குச் சாட்சி தேடி அலைந்த மனிதரின் கதையைச் சொல்லப்போகிறேன். பெரிய துக்கமெல்லாம் இதில் கிடையாது. பயப்படாமல் கேட்கலாம்.

பல் டாக்டரம்மா அந்தக் கேள்வியைக் கேட்டபோது, அந்த மனிதர் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார்.

"தூக்கத்துல பல்லைக் கடிக்கிற பழக்கம் இருக்கா?"

வாய்க்குள் சின்னக் கண்ணாடி இருந்ததால் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் தூங்கிட்டிருப்பீங்களே."

நியாயமான பேச்சு.

அவரை எல்லோரும் பஞ்சண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மெத்தைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? மேல்வரிசையில் முன்பல் ஒன்று அவருக்கு இல்லை. புது மெத்தையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பட்டையை, கத்தரிக்கோல் தேடச் சோம்பல்பட்டுப் பல்லால் இழுத்தார். பட்டை வரவில்லை, பல் வந்துவிட்டது.

முதலில் அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாளி புதிதாக ஒரு கிளை திறக்கப்போகிறார், பொறுப்பு பஞ்சண்ணனுக்குத்தான் என்று பேச்சு எழுந்த பிறகுதான் அந்த ஓட்டை பெரிதாகத் தெரிந்தது. "திறப்பு விழா ஃபோட்டோல பொறுப்பாளர் சிரிச்சுக்கிட்டு நிக்கணும். கதவு கழண்ட வீடு மாதிரி நின்னா யாரு உள்ள வருவா?" என்று முதலாளியே சொல்லிவிட்டார். காலமெல்லாம் மெத்தை சுமந்த தோள் அது. ஒரு மேசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார். எலும்பில் ஒரு திருகை இறக்கி, அது நன்றாக ஊன்றிய பிறகு அதன்மேல் பல் வைப்பார்கள். தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறவருக்கு வைத்தால், ஊன்றுவதற்குள் ஆட்டம் கண்டுவிடும். அவருடைய மற்ற பற்களின் முனையும் தேய்ந்திருந்தது. பட்டை இழுத்துத் தேய்ந்ததா, தூக்கத்தில் கடித்துத் தேய்ந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"நீங்க தூங்கும்போது பக்கத்துல இருந்து பாத்தவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க. அப்புறம் வெப்போம்."

அங்கேதான் சிக்கல் பிடித்தது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். மனைவி ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். அவள் செருப்பைக் கழற்றும் நேரத்தில் இவர் செருப்பை மாட்டுவார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் ஒருவர் தூங்கி மற்றவர் பார்த்தது அபூர்வம்.

கணவனின் பல்லுக்காக அவள் ஓர் இரவு விடுப்பு எடுத்தாள். நோயாளிக்குப் பக்கத்தில் உட்காருவதுபோலக் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பிலேயே அவருக்குத் தூக்கம் ஓடிப்போய்விட்டது. மறுநாள் டாக்டரம்மாவிடம் அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"சத்தமே இல்ல டாக்டர். ஆனா அவர் தூங்கவும் இல்ல."

பஞ்சண்ணன் நன்றாகத் தூங்கும் இடம் ஒன்று உண்டு. அதை வெளியே சொல்ல முடியாது. கடையின் கடைசியில், ஆளுயரத்துக்கு அடுக்கிய மெத்தைகளுக்கு நடுவே, முதலாளி அறையின் ஒட்டுப்பலகைத் தடுப்பை ஒட்டினாற்போல் ஓர் ஆள் நுழையும் சந்து. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அதற்குள் நுழைந்து கொஞ்ச நேரம் கண்ணசருவார்.

முதலாளிக்கோ தூக்கம் என்ற சொல்லே ஆகாது. "நம்மகிட்ட வாங்குறவங்க தூங்கணும். விக்கிறவன் முழிச்சிருக்கணும்" என்பது அவருடைய சட்டம். சாமான் இறக்குகிற ஒருவர் ஒருமுறை மெத்தைமேல் குறட்டை விட்டு, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஆக, கடையிலிருந்து சாட்சி கொண்டுவந்தால் பல் கிடைக்கும், கிளை போய்விடும். கொண்டுவராவிட்டால் பல்லும் இல்லை, கிளையும் இல்லை.

யோசித்து யோசித்து, கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துத் தன் தூக்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தார். ஆள் வந்தால் எழுப்புவதற்காகக் கல்லாவில் உட்காரும் பெண்ணிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வைத்தியத்துக்காகக் கொஞ்சம் தூங்க வேண்டியிருக்கும்மா. யாராவது வந்தா ஒரு குரல் குடு."

அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இன்னைக்கு மட்டும் எதுக்குண்ணே சொல்லிட்டுப் போறீங்க?"

பதிவு பிரமாதமாக வந்தது. முதலில் மெல்லிய மூச்சு. பிறகு நற, நற, நறநறநற என்று ஜல்லிமேல் லாரி ஏறுவதுபோல ஒரு சத்தம். டாக்டரம்மா கைப்பேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். பஞ்சண்ணன் அதை விடுமுறை நாளில் வீட்டில் எடுத்ததாக டாக்டரம்மாவிடம் சொல்லிவைத்தார். மனைவியிடமும் அதையே சொன்னார்.

யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர் அவர். தனக்குள் இவ்வளவு ஆத்திரமா என்று அவருக்கே மலைப்பாக இருந்தது. மனைவி பதிவை இரண்டு தடவை கேட்டுவிட்டு, தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"என் மேல ஏதாவது மனசுல வெச்சிருக்கீங்களா?"

இல்லவே இல்லை என்றார். அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து அவரிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தாள்.

டாக்டரம்மா பல்லுக்கு மேல் மாட்டும் ஒரு கவசம் செய்து கொடுத்தார். மாட்டிக்கொண்டு தூங்கினார். பதிவில் அதே சத்தம். கவசத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. இப்படி ஒரு கேஸைப் படித்ததே இல்லையென்று டாக்டரம்மா இன்னும் தடிமனாக ஒன்று செய்தார். அதைக் கழற்ற மறந்து பஞ்சண்ணன் வியாபாரம் பேசியதில், சொன்ன விலை ஒருவருக்கும் புரியவில்லை. திருப்பித் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டுப் பேரம் பேசாமலே இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். மத்தியானச் சத்தம் மட்டும் குறையவே இல்லை.

அடுத்ததாகத் தாடை தளர்வதற்கு ஒரு மாத்திரை. அதில் தாடை தளர்ந்ததோ இல்லையோ, ஆள் தளர்ந்துவிட்டார். சந்துவரை போக முடியாமல், வாசலை ஒட்டிப் பார்வைக்குப் போட்டிருந்த கட்டிலிலேயே சாய்ந்தார். சுற்றி வாங்க வந்த நாலு பேர். அந்த நேரம் பார்த்து முதலாளி அறையைவிட்டு வெளியே வந்தார்.

கல்லாப் பெண் நோட்டை எண்ணிக்கொண்டே சொன்னாள்: "செஞ்சு காட்டுறாரு முதலாளி. இவங்கதான் கேட்டாங்க."

நாலு பேரும் அதே மெத்தைதான் வேண்டுமென்றார்கள். முதலாளி மீசையைத் தடவினார்.

"காட்டட்டும். ஆனா கண்ணை மூடாம காட்டச் சொல்லு."

அதற்கடுத்த வாரம் முதலாளி புதுக் கிளைக்கு அலமாரி பார்க்க வெளியூர் போனார். மிரட்ட ஆள் இல்லாததால் பஞ்சண்ணன் நிம்மதியாக நீட்டிப் படுத்தார். அந்த வாரப் பதிவில் மூச்சைத் தவிர ஒன்றுமில்லை. மாத்திரை வேலை செய்துவிட்டதென்று டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாளவில்லை. திரும்ப ஆரம்பிப்பதற்குள் முடித்துவிடுவோம் என்று உடனே நாள் குறித்தார்.

ரத்தப் பரிசோதனை ஆயிற்று. வெறும் வயிற்றோடு வரக்கூடாது, தளர்வான சட்டை போட வேண்டும், திரும்பக் கூட்டிப்போக ஒருவர் வேண்டும் என்றார்கள். எல்லாவற்றையும் மனைவி பார்த்துக்கொண்டாள். மரத்துப்போன வாய்க்குள் திருகு இறங்கும்போது அவருக்கு வலி தெரியவில்லை. சுவரில் ஆணியடிக்கத் துளை போடும் அதிர்வுதான் தெரிந்தது, சுவர் தான்தான் என்பது மட்டும் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வீட்டை வார்டாக்கிவிட்டாள். தலைக்கு இரண்டு தலையணை, கன்னத்தில் துணி சுற்றிய பனிக்கட்டி, வாயில் கடித்துக்கொள்ளப் பஞ்சு. துப்பக்கூடாது, குழல் போட்டு உறிஞ்சக்கூடாது, சூடாக எதுவும் கூடாது. முக்கியமாக, பேசக்கூடாது. கன்னம் ஒரு பக்கம் வீங்கி, அவரே பாதி அடைத்த தலையணைபோல இருந்தார்.

மறுநாள் முதலாளியும் முதலாளியம்மாவும் பார்க்க வந்தார்கள். கடித்துத் தின்கிற பழமாகப் பொறுக்கி ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார்கள். திருகு ஊன்றச் சில மாதம் ஆகும், திறப்பு விழாவுக்குக் கழற்றி மாட்டுகிற பல் ஒன்றைத் தற்காலிகமாகக் கொடுப்பார்கள் என்று மனைவி விளக்கினாள். முதலாளி திருப்தியாகத் தலையாட்டினார். நாற்காலி கிட்டத்தட்ட வந்துவிட்டது.

அப்போதுதான் முதலாளியம்மா, ஒரு பல்லுக்கு ஏன் இத்தனை நாள் இழுத்தது என்று கேட்டார்.

"அதை ஏன் கேக்குறீங்கம்மா, தூக்கத்துல பல்லைக் கடிக்கிறார்" என்று மனைவி கைப்பேசியை எடுத்தாள். "கேட்டா நம்ப மாட்டீங்க."

பஞ்சண்ணன் இரண்டு கையையும் ஆட்டினார். பனிக்கட்டி கேட்கிறார் என்று நினைத்து அவள் இன்னொரு துண்டைக் கன்னத்தில் வைத்து அழுத்திவிட்டு, பதிவை ஓடவிட்டாள்.

நற, நற, நறநறநற. அறை முழுவதும் சத்தம். அதற்கு நடுவே, தூரத்தில் கல்லாப் பெண்ணின் குரல், யாரிடமோ ஒற்றைக் கட்டிலா இரட்டைக் கட்டிலா என்று கேட்டது.

முதலாளி நிமிர்ந்தார்.

"இது எங்க எடுத்தது?"

"வீட்டுலதாங்க. லீவு நாள்ல" என்றாள் மனைவி.

"இது வீடு இல்லம்மா. இது என் கடை." முதலாளி எழுந்தே விட்டார். "கல்லாவுல ஆள் பேசுது பாருங்க. மத்தியான வியாபார நேரம். என் கடையில, என் மெத்தையில படுத்து ஒருத்தன் தூங்குறான்."

பஞ்சண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பேசக்கூடாதென்று டாக்டரம்மா சொன்னது அவருக்கு அந்த நிமிடம் ஒரு வரமாக இருந்தது. கிளை, மேசை, நாற்காலி எல்லாம் வாசல் வழியாக வரிசையாக வெளியே போவது மூடிய கண்ணுக்குள் தெரிந்தது.

முதலாளியம்மா கைப்பேசியை வாங்கிக் காதருகே வைத்து, இன்னும் கொஞ்சம் கேட்டார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்துச் சாவகாசமாகச் சொன்னார்:

"கடைதான், சரி. ஆனா கடிக்கிறது உங்க பல்லுங்க. கல்யாணமான நாள்லருந்து பக்கத்துல படுத்துக் கேக்குறேன், எனக்குத் தெரியாதா?"

உங்கள் வீட்டில் தலை சாய்க்கிறவர்களுக்கெல்லாம் தூக்கம் தேடாமல் வரட்டும், கண்ணுகளா. பல்லெல்லாம் சிரிப்பதற்கே பயன்படட்டும். நல்லா இருங்கள்.