புகைபோக்கித் தரகர்

ஆயுளில் ஒரு கல்யாணம்கூட முடித்து வைக்காமல் தரகர் என்று பேர் வாங்கிய மனிதர், ஏற்காடு மலையிலேயே ஒருவர்தான். அவருடைய சொந்தப் பேரை அவர் சம்சாரமே மறந்திருப்பார்.

மலையடிவாரத்தில், செப்புக் கம்பிக்கு வார்னிஷ் பூசும் ஆலையில் அவருக்கும் எனக்கும் வேலை. அங்கே அடுப்பிலிருந்து கிளம்பும் நச்சுப் புகை வெளியேறும் வழியில், தேனடை போல ஓட்டை ஓட்டையான கட்டிகளை அடுக்கியிருப்பார்கள். மேலே உலோக ஆக்சைடு பூச்சு. புத்தகத்தில் வினையூக்கி என்பார்கள், எங்களுக்குச் செங்கல். அதைக் கவனிப்பது அவர் உத்தியோகம்.

மலை மேலே அவர் ஊரான கொட்டச்சேட்டில் பஸ் ஏறியதுமே வகுப்பை ஆரம்பித்துவிடுவார். ஏற்காட்டில் நான் ஏறும்போது, பலாப்பழத்தை மடியில் வைத்திருக்கும் யாராவது ஓர் அம்மாள் மாட்டியிருப்பார்.

"ஏனுங்க, விஷப் புகை பொண்ணு. காத்துல இருக்கற ஆக்சிஜன் மாப்பிள்ளை. ரெண்டும் தானாச் சேராதுங்க. நம்ம செங்கல்லுதான் தரகன். சேத்து வெச்சா விஷம் போயிரும், தரகன் தேயாம அப்படியே இருப்பான்."

"தரகனுக்குக் கமிஷனுங்க?"

"சூடுங்க. நல்லாச் சூடு பண்ணாத்தான் அவன் வாயத் தொறப்பான்."

ஓர் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் புதுச் செங்கற்கள் வந்து இறங்கின. கம்ப்யூட்டர் முதல் கக்கூஸ் பக்கெட் வரை பொட்டு வைக்கிற எங்கள் ஆட்கள் அதை விடுவார்களா? ஓட்டை தெரியாதபடி சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்கள். தரகர் பார்த்தார். அழுதேவிட்டார்.

"மூக்குல சந்தனத்த அடைச்சா எப்படீங்க மூச்சு உடுவான்?"

விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சியை உருவி, ஒவ்வோர் ஓட்டையாகக் குத்திச் சுத்தம் செய்தார். நாங்கள் பொரி தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தோம்.

அவர் பட்ட அத்தனை பாட்டையும் மேனேஜர் ஒரே சுவிட்சில் முடித்தார். புகையைச் சூடாக்கும் ஹீட்டர் கரண்டைத் தின்கிறதாம்.

"பொல்யூஷன் ஆபீசர் சோதனைக்கு வர்ற அன்னிக்குப் போட்டாப் போதும்" என்றார்.

"ஆபீசர் மட்டுமாங்க மூச்சு உடறாரு?"

கேட்டது தரகர். அவர் பாட்டுக்கு ஹீட்டரைப் போட்டார். மேனேஜர் அணைத்தார். மறுபடி போட்டார், மறுபடி அணைத்தார். கடைசியில், மின்சாரத்தை வீணடித்ததாகச் சொல்லித் தரகரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் அறையில் இப்போது பசுமை விருது ஒன்று தொங்குகிறது. ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு வைக்கிறோம்.

தரகர் கொட்டச்சேட்டில் மிளகுக் கொடி பார்த்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் போன் செய்தார். நலம்கூட விசாரிக்கவில்லை.

"ஹீட்டரு எரியுதா சாமி?"

"எரியுதுங்ண்ணா" என்றேன், மனுஷன் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று. சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. அது நிற்கும்வரை அவர் காத்திருந்தார்.

"பொய்யச் சொன்னா இருமாமச் சொல்லோணும் சாமி."

மறுநாள் காலை பஸ்ஸில் கண்டக்டர் ஒரு பொட்டலத்தை நீட்டினார். உள்ளே மிளகும் சுக்கும்.

"கசாயம் வெச்சுக் குடிக்கோணுமாம். தரகர் குடுத்து உட்டாருங்க."

அவரைத்தான் ஆலை வெளியே அனுப்பியது. எங்கள் புகையைச் சுத்தம் செய்கிற வேலையை அவர் இன்னும் விட்டபாடில்லை.