ஒன்பது மணிக்கு வந்த விருந்தாளிகள்

கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்குத் திருப்பத் தெரிந்தவனை நம்பி முக்கியமான காரியம் எதையும் ஒப்படைக்கக் கூடாது. தொண்ணூறுகளின் நடுவில், தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் அப்படி ஒருவன் இருந்தான். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பிளாப்பி வைத்திருப்பான் (உள்ளே ஒன்றும் இருக்காது, பார்ப்பவர்களுக்காக). அவன் நான்தான்.

தமிழர் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியாவில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை. அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரைத் தொடும் உரிமை எனக்கு மட்டும்தான். அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பத்திரிகை அடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. முகூர்த்தம் காலை ஒன்பது மணி என்று தட்டி வைத்தேன். பிறகுதான் கோயில் மண்டபத்தில் அதே நேரத்துக்கு வேறொரு கல்யாணம் இருப்பது தெரிந்தது. எங்களுடையதைக் காலை ஆறு மணிக்கு மாற்றினார்கள். நானும் பத்திரிகையில் மாற்றினேன். அப்பா மாதிரித் தாளை வரி வரியாகப் படித்துச் சரி என்றார்.

மறுநாள் முதலாளி ஈப்போவுக்குப் போயிருந்தார். நண்பனிடம் வாங்கிய கார் பந்தய விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கார் ஓடவில்லை. அதன் பிறகு கம்ப்யூட்டரும் ஓடவில்லை. அவர் திரும்புவதற்குள் சரிசெய்யாவிட்டால் என் வேலை போய்விடும்.

நல்ல வேளை, முந்தைய வாரம் கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து, அது ஒழுங்காக ஓடிய நிலையை அப்படியே ஒரு கட்டு பிளாப்பியில் பதிந்து வைத்திருந்தார். கெட்டுப்போனால் வரிசையாகப் போடு, அந்த நாளுக்கே திரும்பிவிடும் என்று சொல்லியிருந்தார். போட்டேன். எல்லாம் உயிரோடு எழுந்து வந்தது. பத்திரிகையும் இருந்தது. பிள்ளையார் இருந்தார், மணமக்கள் பெயர் இருந்தது. அப்பா சரிபார்த்ததுதானே என்று அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

கம்ப்யூட்டர் திரும்பிப் போன நாள், முகூர்த்தத்தை மாற்றுவதற்கு முந்தைய நாள் என்பது நிபுணனான எனக்கு உறைக்கவில்லை.

வீட்டில் ஒருவர்கூடவா படிக்கவில்லை என்று கேட்பீர்கள். அம்மா பத்திரிகை மூலையில் மஞ்சள் தடவினார், அப்பா உறைமேல் பெயர் எழுதினார். நேரம் எல்லாருக்கும் மனப்பாடம். கல்யாணப் பத்திரிகையைப் படிப்பவர்கள் விருந்தாளிகள் மட்டும்தான்.

கல்யாணத்தன்று ஆறு மணிக்கு மண்டபத்தில் நெருங்கிய சொந்தமும் நாதஸ்வரக்காரரும் போட்டோக்காரரும் மட்டும் இருந்தோம். மற்ற நாற்காலிகளெல்லாம் காலி. அக்கரையிலிருந்து வரும் ஃபெரி தாமதமாகியிருக்கும் என்று அப்பா சமாதானம் சொன்னார். குருக்களால் அதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை. அட்சதை தூவ ஆள் போதாமல் சமையல்காரர்களைக் கூப்பிட்டார்கள். (ஒருவர் கரண்டியோடு வந்தார். ஆல்பத்தில் இன்னும் நிற்கிறார்.) அக்கா தலை நிமிரவே இல்லை. வெட்கம் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்திருக்கிறாள்.

அடுத்த கல்யாணத்துக்கு மேடையை விட்டுக்கொடுத்து நாங்கள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். ஒன்பது மணிக்கு எங்கள் விருந்தாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து, நேராக அந்தக் கல்யாணத்தில் உட்கார்ந்தார்கள். பட்டர்வொர்த்திலிருந்து வந்த தூரத்து மாமா முன்வரிசையில் இருந்து மனதார அட்சதை தூவிவிட்டு, அப்பாவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணு ரொம்ப வளந்துட்டா லா. அடையாளமே தெரியல."

அது வேறு வீட்டுக் கல்யாணம், நம்முடையது ஆறு மணிக்கே முடிந்துவிட்டது என்றார் அப்பா. மாமா பையிலிருந்து பத்திரிகையை எடுத்துக் காட்டினார். அப்பா படித்தார். பிறகு மாப்பிள்ளையின் அப்பா வாங்கிப் படித்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரைக் காப்பாற்றிய கதையை இரண்டு வீட்டாரிடமும் நான் ஏற்கெனவே பெருமையாகச் சொல்லி முடித்திருந்தேன்.

"தம்பி, கம்ப்யூட்டர பழையபடி திருப்புனீங்கல்ல?" என்றார் சம்பந்தி, குரலை உயர்த்தாமல். "இப்ப எங்களையும் ஆறு மணிக்குத் திருப்பி விடுங்களேன்."

வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் யார் வீட்டுக் கல்யாணம் என்று விசாரித்துப் பிரித்து அனுப்புவதே அன்றைய என் தண்டனை. எங்கள் சாப்பாடு மலைபோல் மிச்சமிருந்தது. அந்த இன்னொரு கல்யாண வீட்டார் தங்கமானவர்கள். கடைசியில் இரண்டு கல்யாணக் கூட்டமும் ஒரே பந்தியில் உட்கார்ந்தது. அக்கா அங்கேதான் முதல் முறையாகச் சிரித்தாள், என்னைப் பார்த்தல்ல.

போன வருஷம் என் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையை வேறு ஊரில் அடித்தோம். முகூர்த்தம் பத்து மணி. கல்யாணத்தன்று விடிவதற்குள் வீட்டு வாசல் கேட்டை யாரோ ஆட்டினார்கள். போய்ப் பார்த்தால் பட்டர்வொர்த் மாமா, பட்டு வேட்டியில்.

"கார்டுல பத்துன்னுதான் போட்டிருக்கு," என்றார். "உங்க வீட்டுக் கார்டாச்சே, எதுக்கும் இருக்கட்டும்னு வந்துட்டேன் லா."

அவருக்குப் பின்னால் அக்காவும் அத்தானும் காரை நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.