நூற்றிருபத்தைந்து சதவீத ஊர்

ரூர்மொண்டிலிருக்கும் அன்பிற்குரிய அண்ணன் லாம்பெர்ட்டுக்கு, தம்பி மார்ட்டன் பணிவுடன் எழுதுவது. ட்ரீஸும் ஃபெம்காவும் நானும் நலம். அண்ணியும் உங்கள் முழங்காலும் நலமென்று நம்புகிறேன்.

நீண்ட யோசனைக்குப் பிறகு ஒரு முடிவு எடுத்திருக்கிறேன்: நாளை ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. நீல வாத்தியக்குழு ஊர்வலம் போகும் நாளில் பச்சைக் குழுக்காரன் எவனும் ஊரில் தங்குவதில்லை; நான் தங்கப்போகிறேன். அண்ணியிடம் பக்குவமாகச் சொல்லவும். அண்ணி சுடும் செர்ரிப் பழ ஃப்ளாய் கேக்கில் எனக்குத் துண்டு வெட்ட வேண்டாம்.

காரணம் கணக்கு. போன ஞாயிறு நம் ஊர்வலத்துக்கு எழுபது சதவீத வீடுகள் பச்சைக்கொடி கட்டின என்று பெருமையாக அறிவித்தோம். தங்கள் ஊர்வலத்துக்கு வருஷா வருஷம் ஐம்பத்தைந்து சதவீதம் நீலக்கொடி என்று நீலக்காரர்கள் பேக்கரியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இரண்டையும் கூட்டித் தொலைத்தேன். நூற்றிருபத்தைந்து. தூக்கம் போய்விட்டது. எங்கள் குழுத் தலைவர் ஹூப்பிடம் சொன்னதற்கு, "அடேய், நம்ம ஊர்ல நாப்பது வீடுதானே? உன் கணக்குல அம்பது வருது. மிச்சப் பத்தை மாஸ் ஆத்துக்குள்ளயா கட்டினாங்க?" என்றார். ஃபெம்காதான், "அப்பா, ரெண்டு கொடியும் கட்டுற வீட்டை ரெண்டு தடவை எண்ணியிருக்கீங்க. அதை எக்ஸுன்னு வைங்க. எதுவுமே கட்டாதது நாலு வீடு, பத்து சதவீதம். மிச்சம் தொண்ணூறு. எழுபதையும் அம்பத்தஞ்சையும் கூட்டி எக்ஸைக் கழிச்சா தொண்ணூறு வரணும். எக்ஸ் முப்பத்தஞ்சு. பதினாலு வீடு. இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?" என்றாள்.

பதினாலு வீடு அண்ணா! பக்கத்துல உக்காந்து ஊதுறவன் எந்தக் கொடிக்காரன்னு தெரியாம எப்படி மூச்சு விடறது? நேற்றுக் கூட்டத்தில் நானே தீர்மானம் கொண்டுவந்தேன்: இரு கொடி கட்டும் வீட்டார் நம் குழுவில் வாசிக்கக் கூடாது. ஒருமனதாக நிறைவேறியது, பாதிப் பேர் தரையைப் பார்த்தபடியே கை தூக்கினார்கள். ஆட்களைக் கண்டுபிடிக்கும் பொறுப்பும் எனக்கே. ட்ரீஸ் வேறு, "ஏங்க, பேசாம அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்று காலையிலிருந்து நச்சரிக்கிறாள். என் உடம்பைப் பற்றி அவளுக்கு அவ்வளவு கவலை.

கடவுள் உங்கள் இருவருக்கும் நல்ல தூக்கத்தைத் தரட்டும். என் பங்கையும் சேர்த்தே.

இப்படிக்கு,
பச்சைக் குழுவில் பெரிய கொம்பு ஊதும்
தம்பி மார்ட்டன்

பின்குறிப்பு, திங்கள்: கடிதத்தைத் தபாலில் போடாமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேற்று தெருத்தெருவாக எண்ணினேன். நீலக்கொடி கட்டிய பச்சை வீடுகள் பதிமூன்றுதான். குழம்பிப்போய்த் திரும்பினால், என் வீட்டு ஜன்னலருகே ட்ரீஸ் நீலக்கொடியோடு ஏணி மேல் நிற்கிறாள். "எங்க அண்ணன் நீலக் குழுவுல முரசு அடிச்சிட்டு வர்றப்ப நம்ம ஜன்னல் மொட்டையா நிக்கணுமா? கல்யாணமானதுலேர்ந்து கட்டுறேன். பாத்துக்கிட்டு நிக்காம ஏணியப் புடிங்க." பிடித்தேன். பதினான்கு வீடுகளையும் ஹூப்பிடம் சொல்லிவிட்டேன். பச்சைக் குழுவில் இப்போது மிச்சம் இரண்டு முரசும் ஒரு புல்லாங்குழலும்தான்.